கோட்டைக்குப்பத்து ஊசிக்காரம்மா

ரோஸ்மேரியைப் பற்றி யாராவது என் காதுபட ஒரு சொல் தப்பாகச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பூக்கடைக்காரிக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று என் வீட்டுக்காரரே சொல்வார். ஆகட்டும், ஆகாமல் போகட்டும், வளர்மதி என்றால் அப்படித்தான். கோட்டைக்குப்பம் அம்மன் கோயிலுக்கு எதிரே என் கடை. அதற்கும் ரோஸ்மேரியின் அறைக்கும் நடுவே ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். யார் உள்ளே போகிறார்கள், எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதெல்லாம் பூக் கட்டிக்கொண்டே எனக்குத் தெரிந்துவிடும். அதனால் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வதைவிட நான் சொல்வதே மேல்.

ரோஸ்மேரிக்குப் பிறந்த ஊர் ஆரம்பாக்கம். அவளுடைய நைனா ஜான் லாரிக்கு மூட்டை ஏற்றிய மனுஷன். அம்மா மேரி நடவு வேலைக்குப் போனவள். பள்ளிக்கூடம் முடித்ததும் சென்னையில் ஒரு அக்குபஞ்சர் டாக்டரம்மாவிடம் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சும்மா டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்காருகிற ஜாதியா அது? இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர் கையை வீசிக்கொண்டு போனால், "மேடம், எங்க குத்துனீங்க, ஏன் அங்க குத்துனீங்க?" என்று அந்த அம்மாவைத் துளைத்து எடுத்திருக்கிறாள். தொல்லை தாங்காமல் அவரே இவளைப் படிப்பில் சேர்த்துவிட்டாராம். படித்து முடித்து, அங்கேயே சில வருஷம் கை பழகி, எங்கள் ஊர் காட்டூர் பிரதாப்பைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிரதாப் பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நான் பூக்கூடையோடு ஏறும் அதே ஆட்டோவில்தான் அவளும் ஒருநாள் சும்மா ஊர் பார்க்க வந்தாள்.

வந்தவள் பழவேற்காட்டு ஏரியையா பார்த்தாள்? கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரிக்கிற பெண்களின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வளரக்கா, இவங்கல்லாம் மணிக்கட்டப் புடிச்சி புடிச்சி வுடறாங்களே, பாத்தீங்களா? இங்க எனக்கு ஒரு ரூமு கெடைக்குமா?"

நான்தான் ஊர்த் தலைவர் உலகநாதனிடம் போய்க் கேட்டேன். சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டில் கிழிந்த வலை போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. மனுஷன் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ரோஸ்மேரி அதைக் கழுவிச் சுண்ணாம்படித்து, இரண்டு கட்டில் போட்டு, நடுவில் திரை கட்டி, சுவரில் ஒரு படம் மாட்டினாள். ஆம்பளை உருவம், உடம்பு முழுக்கக் கோடும் புள்ளியும். முதல் நாளே உள்ளே போன நண்டுக்கார மணியம்மாள் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"ஏ ரோசு, மொதல்ல அந்த ஆளுக்கு ஒரு துண்டு கட்டுடி!"

துண்டும் கட்டினாள். அதற்குப் பிறகுதான் பெண்கள் உள்ளே போனார்கள்.

அவள் ஊசி எப்படி இருக்கும் தெரியுமா? தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே துளை கிடையாது, மருந்து கிடையாது. ஒரு ஆளுக்குப் போட்டதை இன்னொரு ஆளுக்குப் போடமாட்டாள். உறையைக் கண்ணெதிரே கிழித்துத்தான் எடுப்பாள், வேலை முடிந்ததும் மஞ்சள் டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவாள். வருகிறவர்களிடம் சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, முழுகாமல் இருக்கிறாயா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பாள். நெஞ்சு வலி என்று வந்தால் கட்டிலில் படுக்கவே விடமாட்டாள், பிரதாப்புக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். மணியம்மாளுக்கு விரல் மரத்துப்போய்ச் சட்டியைப் பிடிக்க முடியாமல் இருந்தது. கொஞ்ச நாளில் என் கடையில் உட்கார்ந்து எனக்குப் போட்டியாகப் பூக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஊசிக்காரம்மா, ஊசிக்காரம்மா என்று அவளைச் சுற்றி வந்தார்கள். ஆம்பளைகள் மட்டும் கிட்டே வரவில்லை. ஒன்றுக்கும் பயப்படாமல் அலையில் படகைத் தள்ளுகிறவர்கள், தலைமுடி அளவு ஊசிக்குப் பயந்தார்கள். இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

முதலில் வந்த ஆம்பளை தருமன். வந்தான் என்று சொல்லக் கூடாது, அவன் பெண்சாதி ரங்கம்மாள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

தருமனின் கஷ்டம் சாதாரணக் கஷ்டம் இல்லை. எங்கள் ஏரியில் கண்டவர் கண்ட இடத்தில் வலை போட முடியாது. இறால் ஓடுகிற இடங்களை ஊர் முறை வைத்துப் பிரித்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வருகிற அன்றைக்கு நீ தண்ணீரில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த முறை போனது போனதுதான். தருமனுக்கு வலது தோள் இறுகிப்போய்க் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போகவில்லை. பொன்னேரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, தோள் உறைந்துவிட்டது, நாளாகும் என்று சொல்லிப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். வலியில் அவன் எங்கே பயிற்சி செய்தான்? சட்டை மாட்டவே ரங்கம்மாள் வேண்டும். அவன் பாடு வந்தபோது கரையில் நின்று அடுத்தவன் வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

துணைக்கு வா என்று ரங்கம்மாள் கூப்பிட்டதால் நானும் உள்ளே போனேன்.

"நாக்க நீட்டுண்ணே" என்றாள் ரோஸ்மேரி.

தருமன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாது?"

"நாக்கு. பாக்கணும்."

"நோவு தோள்ல கீது. நாக்க இன்னாத்துக்கு? பொம்பளைங்க முன்னாடி நாக்கத் துருத்திகினு நிக்கச் சொல்றியா?"

"ஊட்ல என்னாண்ட மட்டும் நல்லா நீளத் தெரியுதில்ல? நீட்டுய்யா!" என்றாள் ரங்கம்மாள்.

நீட்டினான். ரோஸ்மேரி பார்த்தாள். பிறகு அவன் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தாள். உறையைக் கிழித்து ஊசியை எடுத்ததும் அவன், "மருந்து எங்கம்மா?" என்றான்.

"மருந்து கெடையாதுண்ணே. ஊசி மட்டும்தான்."

"மருந்தில்லாத ஊசியா? காலி சிலிண்டர மாட்டிகினு சோறாக்கற கதையா கீதே!"

சிரித்துக்கொண்டே தோளிலும் கையிலுமாகப் போட்டுவிட்டாள். போட்டதே அவனுக்குத் தெரியவில்லை. ஊசியை லேசாகத் திருகிவிட்டு, "கனமா இருக்குதாண்ணே?" என்றாள்.

"ஆமா."

"உள்ள ஏர்ற மாதிரி?"

"ஏறுதும்மா. முழங்கை வரிக்கும் ஏறுது."

"நல்லது, நல்லது" என்றாள் ரோஸ்மேரி. அந்தக் கனம்தான் அவர்களுடைய வைத்தியத்துக்கு அடையாளமாம். ஊசி சரியான இடத்தில் பிடித்துக்கொண்டது என்று அர்த்தமாம். தருமன் முகம் வெளுத்தது. ரங்கம்மாள் முகம் அதைவிட வெளுத்தது. ஊசிப் பயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நான் கடைக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அவன் விட்ட குறட்டை அங்கேவரை கேட்டது. ரோஸ்மேரி அவனை எழுப்பி, இன்றைக்குக் குளிக்காதே, கனம் தூக்காதே என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் ஊரே ரெண்டாகிவிட்டது.

தருமன் சட்டையில்லாமல் கோயில் முன்னால் நிற்கிறான். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம், சுற்றிலும் சிவந்து வெந்து கிடக்கிறது. "ஊசி போட்ட எடம்பா! நெருப்பாட்டம் எரியுது!" என்று கத்துகிறான். கூட்டம் கூடிவிட்டது. ஊசியில் விஷம் என்றான் ஒருவன். சீனாக்காரன் ஊசி என்றான் இன்னொருவன். நேற்றுவரை ரோஸ்மேரியின் பெயர்கூடத் தெரியாதவனெல்லாம் வைத்தியம் பேசினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூக்கூடையைத் தூக்கி வீசியிருப்பேன், அன்று மல்லி விலை அப்படி, அதனால் வீசவில்லை.

உலகநாதன் வந்து பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பயந்தவர். "இன்னிக்குக் கொப்புளம். நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ரூமு குடுத்தது நானு" என்றார். அறையைப் பூட்டினார், சாவியை மடியில் செருகிக்கொண்டார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, அது முடியும்வரை ஊரில் வழக்கு எடுக்கக் கூடாது. முடிந்ததும் கூட்டம் போட்டு, அவள் இங்கே இருக்கலாமா கூடாதா என்று பேசித் தீர்ப்பது என்று சொல்லிவிட்டார்.

பிரதாப்பின் ஆட்டோவில் வந்து இறங்கிய ரோஸ்மேரி பூட்டைப் பார்த்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், நாலு கேள்வி நறுக்கென்று கேட்பாள் என்று. அவள் நேராகத் தருமனிடம் போய்த் தோளைக் குனிந்து பார்த்தாள்.

"இத ஒடைக்காதண்ணே. ஏறு ஆட்டோல. மொதல்ல ஆஸ்பத்திரி."

அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, இது சூட்டுப் புண், சுடுதண்ணி கொட்டியதா என்று கேட்டார். இல்லை என்றான் தருமன். அது பொய்யில்லை, சுடுதண்ணி கொட்டவில்லைதான். களிம்பு போட்டுக் கட்டி அனுப்பினார். அன்றிலிருந்து ரோஸ்மேரி தினமும் தருமன் வீட்டுக்குப் போய்ப் புண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்ன நடுத்தெருவுல நிக்க வெச்ச ஆளு அவன். அவன் ஊட்டுக்கு நீ நடக்கறியா? ஒனக்கு ரோஷமே கெடையாதாடி?"

"என்னாண்ட வந்த நோயாளிக்கா அவரு. ரோஷத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? நீங்களும் வாங்க."

போனேன். போனதால்தான் தெரிந்தது.

ரங்கம்மாள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கெளுத்தி மீன். அதன் முள் குத்தினால் வலி விரலில் தொடங்கித் தோள்வரைக்கும் ஏறும், விஷம். பேசிக்கொண்டே இருந்தவள் "ஐயோ!" என்று கையை உதறினாள். குத்திவிட்டது. அழவில்லை, ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. எழுந்து போய் அடுப்பில் வாணலியை வைத்தாள், கல்லுப்பை அள்ளிப் போட்டு வறுத்தாள், துணியில் முடிந்து விரலில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ரோஸ்மேரி இதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். "இன்னாக்கா பண்றீங்க?"

"முள்ளு குத்திச்சில்ல? விஷம் ஏறுமே. சூடு வெச்சா எறங்கிடும்."

"எது குத்துனாலும் சூடுதான் வெப்பீங்களா?"

"பின்ன? குத்துனா சூடு வெக்காம வுடுவாங்களா?"

"அன்னிக்கு அண்ணனுக்கும் வெச்சீங்களா?"

"வெக்காம?" என்றாள் ரங்கம்மாள், பெருமையாகவே. "நீதானேம்மா கேட்ட, ஏறுதான்னு? ஏறுதுன்னாரு. நல்லதுன்னுட்ட. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. விஷம் ஏறுதுன்னா நல்லதுன்றாளேன்னு ஊட்டுக்கு வந்ததும் வராததுமா உப்ப வறுத்து மூட்ட கட்டி தோள்ல வெச்சேன். அத வெச்சுகினு அப்பிடியே தூங்கிட்டாரு. எத்தினியோ நாளா பொட்டுத் தூக்கம் இல்லாத மனுசன், செத்த பொணமாட்டம் தூங்குனாரு. நான் எழுப்பவே இல்ல. எப்பவும் வெக்கறதுதான், இதுவரிக்கும் பொத்துக்கல. ஊசியில இருந்த விஷம்தான் இப்பிடிப் பொத்துகிச்சு."

"அடிப்பாவி!" என்று நான் எழுந்தேன். "எரியற உப்பு மூட்டைய வெச்சி புருஷன வேக வெச்சிட்டு, பழியத் தூக்கி இவ தலைல போட்டியா? வா, இப்பவே வா தலைவர் ஊட்டுக்கு!"

ரங்கம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே படுத்திருந்த தருமன் வாசலுக்கு வந்து நின்றான். அவன் தலை குனிந்திருந்தது. ரோஸ்மேரி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஒக்காருங்கக்கா. கெளுத்திக்கு அது சரியான வைத்தியம்தான், நானே ஒத்துக்கறேன். ஊசிக்குத்தான் தேவையில்ல. ஊரெல்லாம் விசாரிக்கிற நானு, குத்துனா இந்த ஊர்ல இன்னா செய்வீங்கன்னு கேக்கலியே. ஏர்றதுன்னா இங்க இன்னா அர்த்தம்னும் எனக்குத் தெரியல."

"அது சரி. இத ஊர்ல சொல்லுவ இல்ல?"

"சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது."

"இன்னாது?"

"என்னாண்ட வந்தவங்க ஊட்டு விசயத்த நான் தெருவுக்கு எடுத்துனு போனா, நாளைக்கு எந்தப் பொம்பள என்னாண்ட வந்து வாய தெறப்பா? ரூமு போனா போவுதுக்கா. இது போனா நான் அப்பால எங்க போயும் ஊசி புடிக்க முடியாது."

என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு நான் பட்ட அவஸ்தை அந்த நாட்களில் பட்டதுதான். கடையில் உட்கார்ந்து கண்டவன் கண்டபடி பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பூக் கட்டினேன். கட்டின மாலையெல்லாம் கோணல்.

இதற்கு நடுவில் ரோஸ்மேரி தருமனிடம் கேட்டாள். "தோளத் தொடாமயே வைத்தியம் பண்ணலாம்ணே. பண்ணட்டா? இஷ்டம் இருந்தா மட்டும் சொல்லு."

"இனிமே இன்னா, பண்ணும்மா" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்துப் பேச அவனால் முடியவில்லை.

அவளோ அவன் இடது காலைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் தடவிப் பார்த்து ஊசியைப் போட்டாள். ரங்கம்மாள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நோவு கையில், ஊசி காலிலா? தோளுக்கு அங்கேதான் புள்ளி இருக்கிறது என்று அவர்கள் சாஸ்திரம் சொல்கிறதாம். ஊசியைத் திருகிக்கொண்டே, "இப்ப கைய மெதுவா தூக்கு. நோவற எடத்துல நிறுத்து, நோவ மீறித் தூக்காத" என்றாள். சுவரோரம் நின்று தருமன் கையைத் தூக்கினான். விரல் நின்ற இடத்தில் ரங்கம்மாள் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டாள்.

கடைசியில் ரோஸ்மேரி பையிலிருந்து சுருட்டு மாதிரி ஒன்றை எடுத்துப் பற்றவைத்தாள். "இன்னாம்மா, எங்க ஊட்டுக்காரருக்குச் சுருட்டு குடுத்துக் கெடுக்கறியா?" என்றாள் ரங்கம்மாள். அது காய்ந்த இலையை இடித்துச் சுருட்டியது, மோக்ஸா என்று பெயர். வாசனை வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கதம்பத்தில் வைக்கிற மாசிப்பச்சை வாசனைதான். அதே ஜாதிச் செடி என்றாள். அந்த நெருப்பு நுனியை உடம்பில் படாமல், புண் பக்கமே போகாமல், ஊசி எடுத்த இடத்துக்கு மேலே பிடித்துச் சூடு காட்டினாள். "குத்துனா ஒங்களுக்குச் சூடு வேணும், அவ்ளோதானே? இனிமே அந்தச் சூட்டயும் என் கையாலயே குடுக்கறேன். இதமா இருக்கணும். சுருக்குனா ஒடனே சொல்லணும். நான் போன அப்பால யாரும் வாணலிய அடுப்புல ஏத்தக் கூடாது." ரங்கம்மாளுக்கு அன்றுதான் முகத்தில் பயம் போனது.

திருவிழா வந்தது, முடிந்தது. முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் தள்ளிப்போனது. எனக்கு அந்த மழை அம்மன் அனுப்பிய மழையாகவே தோன்றியது, ஏனென்றால் சுவரில் கரிக்கோடு ஏறிக்கொண்டிருந்தது. எடுத்த எடுப்பில் ஏறவில்லை. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் அங்கேயே நிற்கும், ஒரு நாள் குளிருக்கு இறங்கிக்கூடப் போகும். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை அவன் ஏமாற்றினால் ரோஸ்மேரி சும்மா விடமாட்டாள். "பொன்னேரி டாக்டர் சொன்னதச் செய்யல, நான் சொன்னதயும் செய்யல, அப்பால நான் எதுக்கு?" என்று திட்டுவாள். கடைசியாக நான் பார்த்தபோது கோடு அவன் காதுக்கு மேலே போயிருந்தது. அதற்கு மேல் கை வளைந்துதான் நின்றது.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சமுதாயக் கூடத்தின் முன்னால் மணலில் ஆம்பளைகள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் படகோரமாக நின்றோம். குப்பத்துக் கூட்டத்தில் பெண்கள் நிற்கலாம், கேட்கலாம், பேச முடியாது, கை தூக்க முடியாது. ரோஸ்மேரியிடம் குணமானவர்கள் எல்லாரும் பெண்கள். தீர்மானிக்கிறவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு வயிறெரிந்தது.

உலகநாதன் சாவியை எடுத்து முன்னால் வைத்தார். "ரோஸ்மேரி, நீ சொல்ல வேண்டியதச் சொல்லும்மா."

ரோஸ்மேரி நடுவில் வந்து நின்றாள். ஒரு ஊசியின் உறையைக் கிழித்து, தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தானே போட்டுக்கொண்டு கையை நீட்டிக் காட்டினாள். "இதான் ஊசி. துளை இல்ல, மருந்து இல்ல. தருமண்ணனுக்கு வந்த புண்ணு இதால வரல."

"அப்பால எதால வந்துது?"

"அத நான் சொல்றதுக்கில்ல தலைவரே."

சலசலப்பு கிளம்பியது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் பக்கத்தில் ரங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி. இனிமே இப்பிடி ஒண்ணும் நடக்காதுன்னு அம்மன் முன்னாடி சத்தியம் பண்ணுவியா? வர்றவங்க எல்லாருக்கும் கொணமாவும்னு சொல்லுவியா?"

"மாட்டேன். சில பேருக்குச் சீக்கிரம் கேக்கும், சில பேருக்கு லேட்டாவும், சில பேருக்குக் கேக்கவே கேக்காது. கேக்காதவங்கள வெச்சிகினு இருக்காம ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அத்த மட்டும் சொல்ல முடியும்."

ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு? எனக்கு ஓடிப்போய் அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. உலகநாதன் பெருமூச்சு விட்டார்.

"ஊருக்கே வுட்டுடறேன். ரூமத் தெறந்து வுடலாம்னு நெனக்கிறவன் கையத் தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. அது மணியம்மாள் மகன். தயங்கித் தயங்கி இன்னொன்று, பாதிவரைக்கும். அவ்வளவுதான். மற்றவர்கள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்மேரி தன் கையிலிருந்த ஊசியை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் தருமன் எழுந்து நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீழே போட்டான். புண் ஆறி அந்த இடம் ரோஜா நிறத்தில் பளபளத்தது. ஊரே அதைப் பார்த்தது. அவன் வலது கையைத் தூக்கினான். நெஞ்சு உயரம் வந்தது. தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது. கரிக்கோட்டு உயரத்தில் ஒரு கணம் நின்று நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே தள்ளினான். முழங்கை நிமிர்ந்தது. கை வானத்தைப் பார்த்து நேராக நின்றது. ரங்கம்மாள் "ஐயோ என் சாமி!" என்று கத்தியே விட்டாள்.

"இந்தக் கை இன்னா நெலமைல இருந்துச்சுன்னு அல்லாருக்கும் தெரியும்" என்றான் தருமன். குரல் உடைந்திருந்தது. "புண்ணு ஊசியால வரல. ஊசி போட்டதும் கைல ஏறுச்சு, கெளுத்தி விஷம் ஏர்ற மாதிரின்னு நெனச்சி உப்பு மூட்டைய வெச்சிகினு தூங்கிட்டவன் நானு. பழிய இந்தம்மா மேல போட்டவனும் நானு. இது தெரிஞ்சும் ஒரு வார்த்த வெளிய வுடாம, ரூமே போனாலும் போவட்டும்னு, தெனம் என் ஊட்டுக்கு வந்து என் கால்ல ஊசி போட்டு என் கையத் தூக்க வெச்சிகீது."

பின்வரிசையில் யாரோ, "ஏறுதுன்னா நானா இருந்தாலும் உப்பு மூட்டதாம்பா வெச்சிருப்பேன்" என்றான். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. உலகநாதனே வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாகக் கைகள் எழ ஆரம்பித்தன. எழாத கைகளின் சொந்தக்காரர்களை அவரவர் பெண்சாதி படகோரத்திலிருந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வைக்கே மிச்சக் கைகளும் எழுந்தன. மணியம்மாள் தன் கையையும் தூக்கினாள். நானும் தூக்கினேன். காட்டூர்க்காரி, இந்தக் குப்பத்துக்காரிகூட இல்லை, இரண்டு கையையும் தூக்கினேன். எல்லாப் பெண்களும் தூக்கிவிட்டார்கள்.

"ஒங்கள யாரு கேட்டாங்க?" என்றார் உலகநாதன்.

"கேக்காம வுட்டதுதான் தப்பு!" என்று மணியம்மாள் கத்தினாள்.

அவர் எங்களை இறக்கச் சொல்லவில்லை. எழுந்து நின்று, வரிசை வரிசையாகத் தலையை ஆட்டி எண்ணத் தொடங்கினார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் முறைப்படி எண்ணினார். ரோஸ்மேரி அழுதுகொண்டே தருமனைப் பார்த்துத் திட்டினாள்.

"போதும்ணே, எறக்கு! புதுத் தோலு இஸ்துகும். நோவற எடத்துல நிறுத்துன்னு எத்தினி வாட்டி சொல்லிகீறேன்?"

"தலைவரு எண்ணி முடிக்கட்டும்மா" என்றான் தருமன். அவன் கை நடுங்கிக்கொண்டே உச்சியில் நின்றது.

உலகநாதன் எண்ணி முடித்தார். குனிந்து சாவியை எடுத்து, மணலைத் தட்டிவிட்டு, ரோஸ்மேரியின் உள்ளங்கையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அவன் கையை இறக்கினான்.